சொல்லிய சங்கற்பமும் சொல்லாத நேர்ச்சையும்: சேதுக்கரையை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

1. வினாவும் எல்லையும்

மனிதன் தன் வாழ்வில் எய்த விரும்பும் இலட்சியத்தைப் பிறரிடம் சொல்லிவிடுவது அதனை எய்துவதற்குத் துணையாகுமா, அன்றி நெஞ்சுக்குள் அடக்கிவைத்துக் காரியம் முடிந்த பின்னரே வெளியிடுவது உத்தமமா என்னும் வினாவுக்கு, நம்மவரிடையே நேர்மாறான இரண்டு விடைகள் நெடுங்காலமாகச் சம செல்வாக்குடன் வழங்கி வருகின்றன. நாலு பேர் அறியச் சொன்னால்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ரோஷம் பிறக்கும் என்பார்கள். சொன்னால் கண் பட்டுவிடும், காரியம் பலிக்காது என்றும் சொல்வார்கள். இவ்விரண்டையும் ஒரே வீட்டில், ஒரே வாயிலிருந்து கேட்பது அபூர்வமன்று.

இவ்வினாவை இராமநாதபுரம், இராமேசுவரம் கரையோரத்தை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதற்குக் காரணம் உண்டு. சில காத தூரத்துக்குள் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் ஆகிய மூன்று மதத்தாரும் மனத்தில் கொள்ளும் எண்ணத்தை வாக்கால் சொல்லும் முறைகளையும் சொல்லாது காக்கும் முறைகளையும் வகுத்துக்கொண்டு வாழும் பிரதேசம் அது. பொது அறிவிப்புகளால் பெயர் பெற்ற சமஸ்தானமொன்று அங்கே இருந்தது. இளைஞர்களே, பெரிய இலட்சியம் கொள்ளுங்கள் என்று தேசமெங்கும் உபதேசித்த அப்துல் கலாம் பிறந்ததும் அங்கேதான். சொல்வதா மறைப்பதா என்று கேட்பதோடு நின்றுவிடுவது வினாவைப் பாதிவழியில் விட்டுவிடுவதாகும் என்பதும், கேட்டவர் யார், கேட்ட பின் அவர் தம் கையிலிருந்து எதைக் கொடுத்தார் என்பதே விளைவை நிர்ணயிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கட்சி.

2. மறைக்கச் சொன்ன மரபு

மறைவின் பக்கம் பேசுவோர் முதலில் திருக்குறளையே சாட்சிக்கு அழைப்பர். வினைத்திட்பம் என்னும் 67-ஆம் அதிகாரத்தில் 663-ஆம் குறள், காரியம் முற்றுப்பெற்ற பிறகே வெளிப்படும்படி செய்வதுதான் ஆண்மை என்றும், நடுவில் வெளிப்பட்டால் அது தீராத துன்பத்தில் கொண்டுபோய் விடும் என்றும் சொல்கிறது. ஆனால் இந்த அதிகாரம் நிற்கும் இடத்தைக் கவனியாமல் எடுத்தாளுவதே நம் வழக்கமாகிவிட்டது. இது பொருட்பாலில், அமைச்சரின் இலக்கணம் கூறும் பகுதியில் வருவது. பரிமேலழகரும் இடையில் வெளிப்படுவதால் வரும் கேடு எதுவென்று விளக்கும்போது, பகைவர் முன்னதாக அறிந்து அவ்வினையை விலக்குவர் என்பதையே முதன்மையாகக் கூறுகிறார். ஆகவே பகைவன் ஒருவன் விழித்திருக்கிறான் என்ற அநுமானத்தின் மேல் எழுந்த விதி இது. பரீட்சையில் தேறவோ வீணை கற்கவோ கருதும் ஒருவனுக்கு, அத்தகைய பகைவன் இல்லாதவரையில், இவ்விதி முழு அளவில் பொருந்தாது.

பகைவன் இருக்குமிடத்தில் விதி எவ்வளவு துல்லியமாகப் பலிக்கிறது என்பதற்கு அண்மைக்கால அரசியலே சான்று. 1995 இறுதியில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைக்கான ஏற்பாடுகளை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் கண்டுகொண்டன, ராஜதந்திர நெருக்கடி உண்டாயிற்று, சோதனை நின்றது. 1998 மே 11-இலும் 13-இலும் அதே காரியம் நிறைவேறியபோது, விஞ்ஞானிகள் இராணுவ உடையணிந்து மாற்றுப் பெயர்களோடு நடமாடினார்கள். பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் தலைவராயிருந்த கலாமுக்கு அங்கே இருந்த பெயர் மேஜர் ஜெனரல் பிருதிவிராஜ். இலட்சியத்தை உரக்கச் சொல்லுமாறு பிற்காலத்தில் மாணவர்களைத் தூண்டிய அதே மனிதர், தம் தொழில் வாழ்வின் மிகப் பிரசித்தமான காரியத்தைத் தம் பெயரையே மறைத்துக்கொண்டு செய்தார் என்பது முரண்பாடு போலத் தோன்றினும், உண்மையில் முரணன்று. கேட்போர் வேறு, ஆகவே விதியும் வேறு.

கடல் தொழிலிலும் இவ்வகை மறைவு உண்டு. மீன் கூடும் பார் எந்தத் திசையில், எந்த அடையாளத்தின் நேரே இருக்கிறது என்பதைப் பாம்பன் பக்கத்து மீனவர் எளிதில் வாய்விடுவதில்லை. கரையிலிருந்து புறப்படுகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்பதே அபசகுனம் என்பது தமிழ்நாடு முழுதும் உள்ள நம்பிக்கை. மீனவனுக்கு அது நம்பிக்கையோடு நிற்காமல் வயிற்றுப்பாடாகவும் இருக்கிறது. கண்ணேறு பற்றிய அச்சத்தின் அடியிலும் இத்தகைய போட்டியின் நினைவு படிந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

3. சங்கற்பம், நிய்யத், நேர்ச்சை

இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர் அக்கினி தீர்த்தக் கரையில் முதலில் செய்வது சங்கற்பம். புரோகிதர் முன்னே சொல்ல, யாத்திரிகர் பின்னே சொல்கிறார். வருஷம், அயனம், ருது, மாசம், பட்சம், திதி, நட்சத்திரம் என்று காலமும், சேதுவும் சமுத்திரக் கரையுமாகத் தேசமும், பிறகு தம் கோத்திரமும் பெயரும் வரிசையாக உரைக்கப்பட்டு, இறுதியிலேதான் இன்ன பயனைக் கருதி இந்த ஸ்நானத்தைச் செய்கிறேன் என்பது வருகிறது. சொல்லி வாய் மூடியதும் கடலில் இறங்க வேண்டும். அதன்பின் ஈர ஆடையோடு கோயிலுக்குள் சென்று இருபத்திரண்டு தீர்த்தங்களையும் சுற்ற வேண்டும். கிணற்றின் விளிம்பில் நிற்பவர் சிறு வாளியால் இறைத்துத் தலையில் ஊற்ற, அடுத்த கிணற்றுக்கு நடக்க வேண்டும்.

இதில் ஆராய்ச்சிக்குரிய விசேஷம் மூன்று. சங்கற்பம் ஊரார் கேட்கச் செய்யும் பிரகடனம் அன்று; அதைக் கேட்பவர் அந்தக் கிரியையை நடத்தி வைக்கும் ஒருவரே. அது பத்தாண்டுக்கு அப்பாலுள்ள இலட்சியத்தைச் சொல்வதில்லை. அடுத்த கணத்தில் செய்யப் போவதைச் சொல்கிறது. எப்போது, எங்கே என்பதைச் சொல்லாமல் எதற்காக என்பதைச் சொல்ல அது அனுமதிப்பதில்லை. இந்த மூன்றாவது விசேஷத்தின் அருமை அடுத்த பகுதியில் விளங்கும்.

கீழக்கரை முதலிய கரையோர ஊர்களின் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி வழியினர். தொழுகைக்கும் நோன்புக்கும் நிய்யத் என்னும் எண்ணம் இன்றியமையாதது என்பதிலும், அதற்குரிய இருப்பிடம் இருதயமே என்பதிலும் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. அதனை நாவாலும் மொழிய வேண்டுமா என்பதில்தான் விவாதம். ஷாஃபி வழியினர், நா மொழிவது இருதயத்துக்கு உதவி என்று அதனை விரும்பத்தக்கதாகக் கொள்வர். அது தேவையில்லை, முன்னோர் காட்டிய வழியும் அன்று என்று மறுப்போரும் உளர். ரமலான் இரவுகளில் பள்ளிவாசலில் மறுநாள் நோன்பின் நிய்யத்தைக் கூட்டமாகச் சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் நிலைபெற்றிருப்பதும், அதன்மேல் இன்றும் தர்க்கம் நடப்பதும், நம் வினா இங்கே எவ்வளவு பழையது என்பதைக் காட்டும். நா இருதயத்துக்கு உதவி என்னும் ஷாஃபி நியாயம் என்னை மிகவும் கவர்கிறது. ஏனெனில் அதில் சொல்வதன் முதற் கேள்வியாளன் சொல்கிறவனே.

நேர்ச்சையின் போக்கு வேறு. ஏர்வாடித் தர்காவுக்கும், 1693-இல் கிறிஸ்தவத் துறவி அருளானந்தர் தலை வெட்டுண்டு மாண்ட ஓரியூருக்கும், இராமநாத சுவாமி சந்நிதிக்கும் வருகிற பெண்கள், என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டால் புன்னகையோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். வேண்டுதல் அந்தரங்கமானது. ஆனால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வீட்டில் வைத்தாயிற்று என்றால் கடன் ஏற்பட்டுவிட்டது என்று பொருள். நிறைவேறிய பிறகோ அந்தரங்கம் எதுவும் இல்லை. மொட்டையும் காவடியும் கந்தூரியும் நாலு பேர் அறியவே நடக்கின்றன. கேட்கும்போது மௌனம், கொடுக்கும்போது பிரசித்தம். இக்காலத்தில் நாம் செய்வது இதற்கு நேர் தலைகீழ்: தொடங்கும்போது ஊருக்கெல்லாம் அறிவிக்கிறோம், முடியாதபோது மௌனமாகிவிடுகிறோம்.

4. பரிசோதனைகள் கண்டவை

மேல்நாட்டு உளவியலார் இவ்விஷயத்தைப் பரிசோதனைக்கு உட்படுத்தத் தொடங்கி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகிறது. கூர்ட் லெவினின் மாணவியான வேரா மாலர் 1933-இல், ஒரு பிரச்சினைக்கு ஒருவன் சொன்ன தீர்வைப் பிறர் ஒருவர் அறிந்து ஏற்றுக்கொண்டால், காரியம் மெய்யாகவே முடியாதபோதும் முடிந்தது போன்ற திருப்தி மனத்தில் பிறக்கக்கூடும் என்று கண்டார். பீட்டர் கோல்விட்சரும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதன் வளர்ச்சி. சட்டம் பயிலும் மாணவர் முதலியோரிடம், தம் துறையில் சிறந்தவராக வேண்டும் என்பதற்காக அவர்கள் செய்யக் கருதியவற்றை எழுதச் சொல்லி, சிலரது எண்ணத்தை ஆய்வாளர் படித்து அங்கீகரித்தார். சிலருடையதை யாரும் கவனிக்கவில்லை. அங்கீகாரம் பெற்றவர்களே பின்னர் அத்துறைக்கான வேலையில் குறைவாக முயன்றனர். அந்த இலட்சியத்தில் தீவிரப் பற்றுள்ளோரிடமே இவ்விளைவு காணப்பட்டது. இன்னது செய்வேன் என்பதைவிட, இன்னார் ஆவேன் என்னும் வகை இலட்சியத்துக்கே இது உரியது. சட்ட நிபுணர் ஆகப் போகிறவன் என்று பிறர் ஏற்றுக்கொண்டதும், பாதி ஆகிவிட்டதாகவே மனம் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது.

இதற்கு எதிர்ச் சான்றுகள் வலிமையில் குறைந்தவை அல்ல. ஹாலன்பெக், வில்லியம்ஸ், கிளைன் மூவரும் 1989-இல் கல்லூரி மாணவரிடம் நடத்திய ஆய்வில், மதிப்பெண் இலக்கைப் பிறர் அறியச் சொன்னவர்களுக்கே அதில் உறுதி மிகுந்தது. ஹார்க்கினும் அவர் குழுவினரும் 138 ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் வெளியிட்ட மதிப்பீடு, முன்னேற்றத்தைத் தானே கணக்குப் பார்த்து வருவது பயன் தரும் என்றும், அக்கணக்கை எழுதி வைத்தாலோ பிறரறியச் செய்தாலோ பயன் மிகும் என்றும் கூறியது. கிளைனும் சகாக்களும் 2020-இல் ஒருபடி மேலே சென்று, தன்னினும் உயர்ந்தவர் என்று தான் மதிக்கும் ஒருவரிடம் இலக்கைச் சொல்வது உறுதியை வளர்க்கிறது என்றும், தாழ்ந்தவர் கேட்பதால் அப்பயன் உண்டாவதில்லை என்றும் காட்டினர். (இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. யேல் பல்கலைக்கழகத்தில் 1953-இல் இலட்சியத்தை எழுதி வைத்த மூன்று சதவீதத்தார் பிற்காலத்தில் மற்றெல்லாரையும்விடப் பொருளீட்டினர் என்று மேடைதோறும் முழங்கும் ஆய்வு, நடைபெறவே இல்லை. அதை நம்பி எழுதப்பட்ட தமிழ் நூல்களும் உண்டு.)

இரு தரப்பு முடிவுகளும் ஒன்றையொன்று வெட்டுவன போலத் தோன்றினாலும், உற்று நோக்கினால் அவை வெவ்வேறு பொருளைப் பற்றியவை. கோல்விட்சரின் மாணவர் சொன்னது தாம் ஆகப்போகும் உருவத்தை. கேட்டவர் மறுமுறை வரப்போகாத ஆய்வாளர். ஹார்க்கின் திரட்டியவற்றில் பிறர் அறிந்தது செய்த வேலையின் கணக்கை. கிளைனின் பரிசோதனையில் கேட்டவர், சொல்கிறவன் எவருடைய மதிப்பைப் பெற விரும்புகிறானோ அவர். இதே கோல்விட்சர், இன்ன வேளையில், இன்ன இடத்தில், இன்னது செய்வேன் என்று வகுத்துக்கொள்ளும் எண்ணம் வெறும் விருப்பத்தைவிட மிகுதியாகக் கைகூடுகிறது என்பதை ஷீரனுடன் சேர்ந்து 94 பரிசோதனைகளைத் தொகுத்து 2006-இல் நிறுவியவர் என்பதை நினைவுகூர்ந்தால், அக்கினி தீர்த்தக் கரையில் திதியும் தேசமும் சொல்லாமல் பயனைச் சொல்ல விடாத முறைமையின் நுட்பம் புலப்படும். நம் முன்னோர் உளவியலை முன்கூட்டியே கண்டறிந்தனர் என்று பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. நெடுநாள் வழங்கிய ஒரு முறை தன் வேலையைச் செய்திருக்கிறது என்பதே என் பேச்சு.

5. சமஸ்தானத்தின் பிரதிக்ஞைகள்

இலட்சியத்தைச் சபையில் சொல்வதன் ஆற்றலுக்கு இராமநாதபுரச் சரித்திரம் தரும் சிறந்த சான்று, பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவருடையது. மதுரையில் மீண்டும் ஒரு தமிழ்ச் சங்கம் காண வேண்டுமென்ற தம் விருப்பத்தை அவர் 1901-இல் அறிஞரும் பிரமுகரும் கூடிய சபையில் வெளியிட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் சங்கம் தொடங்கிவிட்டது. இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஆதரவளித்தார். சங்கத்தின் வெளியீடாகிய செந்தமிழ்ப் பத்திரிகைக்கு இரா. இராகவையங்கார் ஆசிரியரானார். சபையில் கேட்டோர் கரகோஷத்தோடு எழுந்து போகாமல், ஏட்டுச் சுவடியும் பொருளும் உழைப்பும் கொடுத்ததே இவ்விரைவின் இரகசியம்.

ஐந்தாண்டு கழித்து அதே பாண்டித்துரைத் தேவர் தலைவராயிருந்த சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதை, பிரசித்தத்தின் மறுபுறத்தைக் காட்டும். பத்து இலட்ச ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய்ப் பங்குகளாக்கி வ. உ. சிதம்பரம் பிள்ளை ஊர் ஊராக விற்றார்; இரகசியமாகப் பங்கு விற்பது எவராலும் ஆகாத காரியம். அந்தப் பிரசித்தமே எதிரியையும் விழிக்கச் செய்தது. போட்டிக் கப்பல் நிறுவனமாகிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கிற்று. 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 663-ஆம் குறள் சொன்ன விபத்து இங்கே எழுத்துக்கு எழுத்து நிகழ்ந்தது. ஆயினும் மறைத்திருந்தால் கப்பலே வந்திராது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று சொல்லும் ஒற்றை விதி எதுவும் இவ்விடத்தில் உதவாது.

பாஸ்கர சேதுபதியோ கேட்பவராகத் திகழ்ந்தவர். 1892 இறுதியில் மதுரையில் விவேகானந்தரைச் சந்தித்த அவர், சிகாகோ சர்வமத மகாசபைக்குச் செல்லுமாறு அவரை ஊக்கினார். 1897 ஜனவரி 26-இல் சுவாமி பாம்பனில் கரையிறங்கியபோது நேரில் சென்று எதிர்கொண்டார். அம்மன்னரது வள்ளன்மை அவருக்குப் புகழையும் பெருங்கடனையும் சேர்த்தே தந்தது. 1903-இல், முப்பத்தைந்து வயதிலேயே காலமானார். சபையில் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட பெருந்தகைகளுக்கு அக்கட்டுப்பாடு சில சமயம் சுருக்காகவும் இறுகும் என்பதை அவருடைய இறுதி ஆண்டுகளின் நெருக்கடி நினைவூட்டுகிறது.

6. கலாமின் இலட்சியத்தைக் கேட்டவர்கள்

1931 அக்டோபர் 15-இல் இராமேசுவரம் மசூதித் தெருவில் பிறந்த கலாமின் இளமை, அவரே அக்கினிச் சிறகுகள் நூலில் விவரித்திருப்பதால், நம் ஆராய்ச்சிக்கு நல்ல களம். பெரும்பாலோர் அந்நூலை முயற்சியின் சரித்திரமாகப் படிக்கிறார்கள். கேட்டவர்களின் சரித்திரமாகவும் அதைப் படிக்கலாம்.

சிறுவனின் படிப்பு ஆசைக்கு முதல் துணையாக நின்ற விஞ்ஞான ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், அவனைத் தம் வீட்டுக்கு உண்ண அழைத்தார். ஆசாரமான சமையலறையில் ஒரு முஸ்லிம் சிறுவனுக்குப் பரிமாற மனைவி தயங்கியபோது தாமே பரிமாறி, அருகில் அமர்ந்து உண்டார். பையன் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குப் போக விரும்பியபோது, மகனைக் கலெக்டராகக் காண ஆசைப்பட்ட தந்தை ஜைனுலாப்தீன் தடுக்கவில்லை. மைத்துனர் ஜலாலுத்தீனும் உறவினர் சம்சுத்தீனும் கூடவே பயணம் செய்து பள்ளியிலும் விடுதியிலும் சேர்த்து வந்தார்கள். அங்கே ஐயாத்துரை சாலமன் என்னும் ஆசிரியர், விருப்பம், நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்னும் மூன்றையும் ஆள வேண்டும் என்று போதித்தார். சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அக்காள் ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பேன் என்று கலாம் அப்போது செய்துகொண்ட பிரதிக்ஞை மனத்துக்குள் செய்ததே. அக்காளிடம் சொல்லிய இலட்சியத்துக்கு அக்காள் கொடுத்தது நகை. அதற்கு ஈடாகத் தம்பி வைத்தது சொல்லாத கடன். மஞ்சள் துணியில் முடிந்த காசுக்கும் இதற்கும் உள்ள உறவைச் சொல்லத் தேவையில்லை.

எம்.ஐ.டி.யில் இரு விதக் கேள்வியாளரும் வாய்த்தனர். நமது விமானத்தை நாமே செய்வோம் என்னும் கருத்தில் அவர் எழுதிய கட்டுரைக்குத் தமிழ்ச் சங்கப் போட்டியில் முதற்பரிசு கிடைத்தது. ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் அதைப் பெற்றார். இது புகழ்ச்சி. பேராசிரியர் சீனிவாசனோ, தாழப் பறந்து தாக்கும் விமானத்துக்கான வடிவமைப்பில் முன்னேற்றம் போதாதென்று கண்டு, மூன்று நாளுக்குள் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று எச்சரித்தார். ஊணும் உறக்கமுமின்றி வேலை முடிந்தது. கணக்குக் கேட்பவர் எத்தகையவர் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை. பரிசு அவரைக் கெடுக்கவில்லை என்பதும் உண்மையே. ஆய்வுகள் பலரது சராசரியைச் சொல்கின்றன; தனி மனிதனை அவை கட்டுப்படுத்தா.

1958-இல் டேராடூனில் விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து தோற்றார். நெடுநாள் வளர்த்த விமானி இலட்சியம் அங்கே முடிந்தது. அத்தோல்வியை அவர் போய்ச் சொன்னது ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரிடம்; ஊராரிடம் அல்ல. போர் விமானத்தில் அவர் பறந்தது 2006 ஜூன் 8-இல், ஜனாதிபதியாக, புனேயில், சுகோய் விமானத்தில்.

பொது இலட்சியம் தோற்றால் அதனைத் தாங்குபவர் யார் என்ற வினாவுக்கும் இச்சரித்திரத்தில் விடை உண்டு. 1979 ஆகஸ்ட் 10-இல், கலாமின் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர் முன் பொறுப்பேற்று நின்றவர் விண்வெளி நிறுவனத் தலைவர் சதீஷ் தவான்; 1980 ஜூலை 18-இல் வெற்றி வந்தபோது பேசுமாறு கலாமையே முன்னே அனுப்பினார். இதைக் கலாம் பின்னாளில் பல மேடைகளில் சொல்லி வந்தார். மாறாக, ஒய். எஸ். ராஜனுடன் அவர் எழுதி 1998-இல் வெளிவந்த நூல் தேசத்துக்கு 2020 என்று ஓர் ஆண்டைக் குறித்தது. கேட்டோர் அனைவரும் கைதட்டினார்கள்; 2020 வந்து போயிற்று; கணக்குக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

7. பள்ளி மேடை

இன்று பள்ளி ஆண்டு விழாக்களில் மாணவர்களை மேடையில் ஏற்றி, நான் டாக்டர் ஆவேன், நான் ஆட்சியர் ஆவேன் என்று ஒலிபெருக்கியில் சொல்ல வைத்து, சபையோர் கைதட்டி, அடுத்த பிள்ளையை அழைக்கும் சடங்கு ஒன்று பரவியிருக்கிறது. கலாமின் பெயராலேயே இது பல இடங்களில் நடக்கிறது. மேலே கண்ட ஆதாரங்களின்படி இச்சடங்கு மூன்று வகையிலும் குறையுடையது: சொல்லப்படுவது ஆகப்போகும் உருவமே தவிர செய்யப்போகும் வேலை அன்று, காலமும் இடமும் அதில் இல்லை, கேட்பவர் எதையும் கொடுப்பதில்லை, மறுநாள் கேட்பதும் இல்லை. கோல்விட்சரின் பரிசோதனைச்சாலையை நாம் ஊர்தோறும் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் மிகையாகாது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இதில் வேறொரு தீங்கும் உண்டு. சொன்னது கைகூடாதபோது அதைத் தாங்கிக்கொள்ளத் தவான் ஒருவர் அவன் அருகில் இருப்பதில்லை. கேலி செய்ய ஊர் இருக்கிறது.

ஆகவே இம்மாவட்டத்து ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளையின் இலட்சியத்தை மேடையில் கேட்காதீர்கள். வகுப்பு முடிந்தபின் தனியே அழைத்துக் கேளுங்கள். கேட்டால், இந்த வாரம் எந்த நாளில், எந்த இடத்தில் உட்கார்ந்து எதைப் படிக்கப் போகிறாய் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்தக் குறிப்போடு மீண்டும் கேளுங்கள். உங்களால் கொடுக்கக்கூடியது ஒரு புத்தகமோ, ஒரு விண்ணப்பப் படிவமோ, மாலையில் ஒரு மணி நேரமோ எதுவானாலும் அதைக் கொடுங்கள். கொடுக்க ஒன்றுமில்லாத இடத்தில் அப்பிள்ளையைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள்.